ஓட்டல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை

அமலினியிடம் 'ஏலாது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவர் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒருவரும் கிடையாது. நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஏலாது என்ற வீட்டுக்காரன் இப்போது மாடிப்படியில் அவளைக் கண்டால், "தண்ணீர் ஒழுங்காக வருகிறதா சிஞ்ஞோரா?" என்று தானே முந்திக்கொண்டு கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவு தர ஏலாது என்ற, முதலாளியம்மாவின் மகன், ஞாயிறு காலையில் தானே வந்து தாய்க்குக் கோப்பி போட்டுக் கொடுக்கிறான். தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேவாலய மண்டபம் தர ஏலாது என்ற சுவாமியாரின் கதையை விடுங்கள். பாவம், நல்ல மனிதர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற பிறவி அது. வேடிக்கை என்னவென்றால், பாதி நாள் முயலுக்கு மூன்று கால்தான் இருந்தும் தொலைக்கும். அதனால் ஊர்ச் சனம் அவளோடு வாய் கொடுப்பதில்லை.

இலங்கையின் மன்னாரில் பேசாலைக்காரி. டெனிஸ்டனைக் கட்டிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடுகளில்தான் வேலை. இப்போது ஜுசெப்பீனா என்ற வயதான சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, சண்டையும் போட்டு வைத்திருக்கிறாள். டெனிஸ்டன் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். வீடு வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, ஒரு ஒடுக்கமான சந்துக்குள். ஒரே பிள்ளை அபிதா.

அபிதாவுக்குப் பதின்மூன்று வயதானபோது நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் அவளுக்கு ஓட்டல் பள்ளிக்கூடம்தான் பொருத்தம் என்றார்கள். சமையல், பரிமாறல், பேஸ்ட்ரி. எங்கள் சனத்தின் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போகிற வழி அதுதான். டெனிஸ்டனுக்கு நல்ல சந்தோசம். "நான் கோப்பை கழுவுற இடத்திலை என்ரை மகள் தொப்பி போட்டுக்கொண்டு நிப்பாள்," என்று எல்லோருக்கும் சொன்னான். அமலினியும் அன்றைக்கு ஓம் என்றுதான் சொன்னாள். பிள்ளை நன்றாகப் படித்தது. நாலாம் வருசத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் கொதி எண்ணெய் முன்னங்கையில் ஊற்றுப்பட்டு, கொஞ்ச நாள் ஆசுப்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. போய்வந்தவள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கையிலிருந்த புதுத் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, நான் நேர்ஸ் படிக்கப் போறன். கம்பஸுக்கு."

அமலினிக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. பூரித்த அதே நிமிடம் திடுக்கிட்டும் போனாள். ஓட்டல் பள்ளிக்கூடத்திலிருந்து கம்பஸுக்கா, பல்கலைக்கழகத்துக்கா? அப்படி ஒரு பிள்ளை போனதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் சனத்துக்குப் படிப்பு விசயத்தில் சந்தேகம் வந்தால் அகஸ்ரின் மாஸ்ரரிடம்தான் போவார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஒரு பெரிய கட்டடத்துக்கு வாசல் காவல். ஞாயிறு பூசை முடிந்தால் மண்டபத்தில் தேத்தண்ணியோடு அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். அமலினி போய்க் கேட்டாள்.

"பிள்ளை, நீர் ஊரிலை படிச்சனீர்தானே?" என்றார் மாஸ்ரர். "கலைப்பிரிவிலை படிச்சவன் ஆரும் மருத்துவபீடத்துக்குப் போனவனோ?"

"இல்லை மாஸ்ரர்."

"வர்த்தகப் பிரிவிலை படிச்சவன்?"

"இல்லை."

"அப்ப சமையல் படிச்ச பிள்ளையை நேர்ஸுக்கு எடுப்பினமோ? பயோ படிக்காமல் ஏலாது பிள்ளை. எந்த நாட்டிலையும் ஏலாது. நம்பாட்டி பேனாட்டின்ரை பெடியனைக் கேளும். றொஜர் போனவன்தானே! ஓட்டல் பள்ளிக்கூடம் எண்டு தெரிஞ்ச உடனை வாசலிலையே திருப்பி விட்டவங்கள்."

றொஜரின் கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. பேனாட்டும் மனைவி அருள்நாயகியும் மூன்று நாலு வருசமாகச் சொல்லிச் சொல்லி, அது வேதவாக்காகி விட்டது. றொஜர் இப்போது கடற்கரைப் பக்கம் ஐஸ்கிறீம் விற்கிறான். அருள்நாயகி அன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றாள். "ஓம் அமலினி, எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக்கூடாது," என்று சொல்லி மீன் வைத்த மாலுபாண் பணிஸ் ஒன்றை எடுத்து அமலினியின் கையில் வைத்தாள்.

வேறு யாரும் என்றால் அதோடு அடங்கியிருப்பார்கள். அமலினி அடங்குவாளா? ஏலாது என்று சொல்லிவிட்டார்களே! வீட்டுக்கு வரும் வழியிலேயே வழி கண்டுபிடித்துவிட்டாள். பயோதானே இல்லை? பயோ படிப்பித்தால் போச்சு. ஆனி மாதம் நாலாம் வருசம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது. பிள்ளையை மன்னாருக்கு, அக்கா றஜிதா வீட்டுக்கு அனுப்புவது. அங்கே பயோ எடுத்து ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிக்கொண்டு திரும்பி வந்து, இவங்கள் முகத்திலே அந்தச் சான்றிதழை வைப்பது. மன்னாரில் ரியூசன் வாத்தியார்கூடப் பேசியாயிற்று. விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. மண்டபத்தில் சனம் வாயைப் பிளந்தது. தாய் எண்டால் உவளெல்லோ தாய், என்றார்கள். அமலினிக்கு அந்த வார்த்தை தேனாய் இனித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழையவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஒருவர் மட்டும் வாயைப் பிளக்கவில்லை.

"நான் போகமாட்டன்," என்றாள் அபிதா.

அமலினி சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்து, மூடியை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். "என்ன சொன்னனீ?"

"போகமாட்டன். எனக்குத் தமிழிலை எழுதவே தெரியாது. சின்கே ஆன்னி, அம்மா. அஞ்சு வருசம் முடிச்சு மத்துரித்தா எண்ட கடைசிச் சோதினை பாஸ் பண்ணினால் காணும். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு பாக்கமாட்டினம். பிறகு நேர்ஸிங்குக்கு எண்டு ஒரு சோதினை இருக்கு, அதிலை மார்க்ஸ் எடுக்கோணும். அவ்வளவுதான். நான் கம்பஸுக்குப் போய்க் கேட்டனான்."

"உன்னைப் பேய்க்காட்டியிருக்கிறாங்கள். மாஸ்ரருக்குத் தெரியாததோ? றொஜரை வாசலிலை..."

"மாஸ்ரர் இந்த நாட்டிலை ஒரு நாளாவது படிச்சவரோ?"

"வாயை மூடு! பெரியாக்களைக் கதைக்கிறாய்!"

அபிதா வாயை மூடவில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அமலினி வீட்டுக்காரனுக்கு முன்னால் நின்ற அதே நிலையில் நின்றாள். "ஏலாது எண்டு ஆர் சொன்னாலும் நீங்கள் கேட்டதில்லை. இதை மட்டும் ஏன் கேக்கிறீங்கள்? நான் ஏன் கேக்கோணும்? நீங்களே போய்க் கேளுங்கோ. அவை ஏலாது எண்டு சொன்னால் நான் மன்னாருக்கு என்ன, சந்திரமண்டலத்துக்கும் போறன்."

அறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. டெனிஸ்டன் தலையைச் சொறிந்தான். "இஞ்சரும், ஒருக்காப் போய்க் கேட்டால் என்ன?" என்றான். அவனுக்கு விழுந்த ஏச்சு இங்கே எழுதத் தக்கதல்ல.

ஏசினாளே தவிர, அன்றிரவு முழுக்க அவள் மனதுக்குள் அரிப்புத்தான். அடுத்த நாள் வேலை வீட்டில் சிஞ்ஞோராவின் மகன் வந்து பார்த்துவிட்டுப் போனதும், கிழவியின் தலையைச் சீவி, தொப்பியும் வைத்துவிட்டாள். "சிஞ்ஞோரா, நாங்கள் கம்பஸுக்குப் போகிறோம்," என்றாள். தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. லீவு கேட்டால் மகன் ஆயிரம் கேள்வி கேட்பான். கிழவிக்கோ வீட்டைவிட்டு வெளியே கூட்டிப் போனால் கல்லறைக்கென்றாலும் சம்மதம். கைப்பையையும் கைத்தடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியிலிருந்து எழும்பி ராக்சியிலும் தானே முன்னால் ஏறப் பார்த்தாள்.

அப்படித்தான் பல்கலைக்கழக வளாகத்தில், மடிகணினியும் சிகரெட்டுமாகத் திரிந்த பிள்ளைகளுக்கு நடுவே, அமலினி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். விசாரணை மேசையில் மூக்குத்தி போட்ட ஒரு இளம்பெண் இருந்தாள். அமலினியின் இத்தாலிய மொழி சந்தையிலும் சமையலறையிலும் படித்தது. இலக்கணம் மட்டு, வேகம் அதிகம்.

"என் மகள் ஓட்டல் பள்ளிக்கூடம். சமையல். அவள் நேர்ஸ் படிக்கலாமா?"

"ஐந்து வருசப் படிப்பா சிஞ்ஞோரா? இறுதித் தேர்வு எழுதுகிறாளா?"

"அடுத்த வருசம்."

"அப்படியென்றால் விண்ணப்பிக்கலாம். செப்டெம்பரில் நுழைவுத் தேர்வு. இடங்கள் குறைவு, எழுதுபவர்கள் நிறையப் பேர்."

"நான் சொன்னது விளங்கியதா? சமையல். சோறு, கறி, கேக். பயோ பிரிவு இல்லை."

"இங்கே பிரிவு பார்ப்பதில்லை. ஐந்து வருசம் முடித்த எந்தப் பள்ளியின் சான்றிதழும் ஒன்றுதான்."

"நாங்கள் வெளிநாட்டுக்காரர்."

"மகள் படித்தது இங்கேதானே? அப்போது எல்லோரோடும் ஒரே வரிசையில் எழுதுவாள்."

அமலினி விடவில்லை. எங்கோ ஒரு பொறி இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம். தாதிக்குச் சரி, டொக்டருக்கு? இஞ்சினியருக்கு? சட்டத்துக்கு? ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் பொறுமையாகத் தலையாட்டினாள். சிலதுக்குத் தேர்வு உண்டு, சிலதுக்கு நேரே சேரலாம், கதவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கடைசியில் சிஞ்ஞோரா ஜுசெப்பீனா கைத்தடியால் தரையைத் தட்டினாள். "அமலினி, அந்தப் பிள்ளை ஆம் என்கிறாள். இல்லை என்றால் என்ன செய்வதென்று உனக்குத் தெரியும். ஆம் என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை."

அமலினி சக்கர நாற்காலியைப் பாதி திருப்பினாள். பிறகு, சும்மா போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்: "நாலு வருசத்தோடு நிறுத்தினால்?"

அந்தப் பெண் முதல் தடவையாகத் தலையை மறுபக்கம் ஆட்டினாள். "அப்போது முடியாது சிஞ்ஞோரா. நாலு வருசத்துக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை. வேறு நாட்டில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்து, அதற்குரிய அத்தாட்சிகளோடு வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏன், நிறுத்தப் போகிறாளா?"

"இல்லை," என்றாள் அமலினி. "நிறுத்த மாட்டாள்."

திரும்பும்போது ராக்சிக்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, முழுக்கக் கோபம். மாஸ்ரரில் கோபம், அந்த ஆசிரியர்களில் கோபம், தேன்போல இனித்த பேச்சுகளில் கோபம், எல்லாவற்றையும்விடத் தன்னில் கோபம். திறந்திருந்த கதவை இழுத்துச் சாத்தப் போனது வேறு யாருமில்லை, அவள்தான். சிஞ்ஞோரா தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்து, "அழுவதென்றால் அழு. மகனுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அடுத்த கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போ," என்றாள். சிசிலிக் கிழவிகள் எதையும் சும்மா கொடுக்கமாட்டார்கள்.

அன்று பின்னேரமே விமானச் சீட்டு ரத்தாயிற்று. அபிதாவிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் அமலினிக்குக் கிடையாது. மகளின் தட்டில் பெரிய மீன்தலையை வைத்து, "படி," என்று மட்டும் சொன்னாள். அபிதாவுக்கு அது போதும்.

ஐந்தாம் வருசம் அந்த வீட்டில் தொலைக்காட்சி போட்டது கிடையாது. பகலில் பள்ளிக்கூட அடுப்படி, பின்னேரத்தில் நுழைவுத் தேர்வுப் படிப்பு. உணவுச் சத்துப் பாடம் படித்திருந்ததால் உயிரியல் ஓரளவு ஏறியது. இரசாயனம்தான் எமனாக நின்றது. பல்கலைக்கழகத்துக்கென்றே ஆயத்தப்படுத்தும் லிச்சேயோவில் படித்த பிள்ளைகள் வருசக்கணக்காகப் படித்ததை இவள் தனியே இருந்து மென்று விழுங்க வேண்டியிருந்தது. இறுதித் தேர்வில் நல்ல புள்ளிகளோடு பாஸ். டெனிஸ்டன் கடையிலிருந்து ஒரு பெரிய கசாட்டாக் கேக் வாங்கிவந்து, அபிதா அதில் பிழை பிடிக்க, அவனே முழுவதையும் தின்று தீர்த்தான். செப்டெம்பரில் தாயும் மகளும் அதே வளாகத்துக்குப் போனார்கள். வாசலில் நின்றவன் அபிதாவின் அடையாள அட்டையைப் பார்த்தான், பேரைத் தட்டுத்தடுமாறி வாசித்தான், உள்ளே விட்டான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவே இல்லை. அமலினி வெளியே நின்று, அந்த வாசலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முடிவு வந்தது. அபிதாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

கொஞ்சத்தில் தப்பியது என்று சொல்லவும் வழியில்லை. இரசாயனம் காலை வாரிவிட்டது. அபிதா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "பெயில்," என்றாள்.

டெனிஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்ல மனிதன், மகள்மேல் உயிர். மெதுவாகச் சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கேப்பினம். மாஸ்ரர் சொன்னமாதிரி, ஓட்டல் பள்ளிக்கூடம் எண்டு எடுக்கேல்லை எண்டு சொல்லிவிடுவம். பிள்ளைக்கும் மானம் தப்பும்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அமலினிக்கே ஒரு நிமிடம் ஆசை வந்தது. எவ்வளவு வசதியான பொய்! தைத்து மடித்து வைத்த சட்டைபோல ஆயத்தமாக இருக்கிறது. ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள், பிள்ளை கெட்டிக்காரிதான், சட்டம்தான் விடவில்லை என்று சேர்ந்து கவலைப்படுவார்கள். எங்கள் சனத்தில் எந்தப் பிள்ளைதான் பெயில் விட்டிருக்கிறது? ஒன்றுக்குக் காய்ச்சல், ஒன்றுக்கு மனம் மாறிவிட்டது, ஒன்றுக்கு விசா. பெயில் மட்டும் ஒருவரும் இல்லை.

"நான் சோதினை எழுதினனான் அப்பா," என்றாள் அபிதா. தலை நிமிர்ந்துதான் இருந்தது. "என்னை உள்ளை விட்டவை. நான் எழுதி, நான்தான் பெயில் விட்டனான். அதை மாத்தாதேங்கோ."

ஞாயிறு பூசை முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. புதிதாகப் பள்ளிக்கூடம் தெரிவு செய்ய வேண்டிய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் மாஸ்ரரைச் சுற்றி நின்றார்கள். அமலினி உள்ளே வந்ததைக் கண்டதும் மாஸ்ரர் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"என்ன பிள்ளை, முடிவு வந்ததாம்? எடுத்தவையோ?"

"எடுக்கேல்லை மாஸ்ரர்."

மாஸ்ரர் கவலையோடுதான் தலையாட்டினார். கெட்ட மனிதர் அல்ல. "நான் அப்பவே சொன்னனான். ஓட்டல் பள்ளிக்கூடம் எண்டால்..."

"பொறுங்கோ. நான் இன்னும் முடிக்கேல்லை." அமலினியின் குரல் மண்டபத்துக் கடைசிக் கதிரை வரைக்கும் போகிற குரல். "என்ரை மகள் பெயில்! எல்லாருக்கும் கேட்டதோ? பெயில்! ஓட்டல் பள்ளிக்கூடம் எண்டு அவளை ஒருத்தரும் திருப்பி விடேல்லை. வாசலிலை பேரைக் கேட்டு உள்ளை விட்டவை, நான் கண்ணாலை பாத்தனான். உள்ளை போய் இருந்து, எழுதி, இரசாயனத்திலை மார்க்ஸ் காணாமல் பெயில். வாற வருசமும் எழுதுவாள், அதுக்கடுத்த வருசமும் எழுதுவாள். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் விடுங்கோ, அஞ்சு வருசமும் முடிக்க விடுங்கோ, பிறகு எங்கையும் போய்க் கேக்கலாம். பெயில் விடுறதுக்குக்கூட முதல் உள்ளை போகோணும் மாஸ்ரர். எங்கடை பிள்ளையளை நாங்கள் அதுக்கும் விடேல்லையே!"

மாஸ்ரர் மெல்ல, "அப்ப பேனாட்டின்ரை பெடியன்? அவனை வாசலிலை..." என்றார்.

எல்லோரும் பேனாட்டைப் பார்த்தார்கள். பேனாட் சுவரைப் பார்த்தான். மாலுபாண் தட்டோடு நின்ற அருள்நாயகி தட்டை மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எங்கடை றொஜரும் எழுதினவன்தான்," என்றாள். "அவனும் பெயில். வெளியிலை சொல்ல வெக்கமாயிருந்தது."

"அடி பாவி!" அமலினி இரண்டு எட்டில் அவளுக்கு முன்னால் போய் நின்றாள். "உன்ரை வெக்கத்தைக் கேட்டு நான் என்ரை பிள்ளையை மன்னாருக்கு ஏத்தப் பாத்தனே! எத்தினை பிள்ளையள் உன்ரை கதையைக் கேட்டுக் கம்பஸ் பக்கமே போகாமல் நிண்டதுகள், தெரியுமோ உனக்கு?" கை ஓங்கிவிடுவாள் என்றுதான் சனம் நினைத்தது. அருள்நாயகி அழுதுகொண்டு நின்றாள். அமலினிக்கும் மூச்சு வாங்கியது. சொந்த வீட்டு மேசையில் அந்தப் பொய் தனக்கு எவ்வளவு இனித்தது என்பது நினைவுக்கு வந்ததாலோ என்னவோ, ஓங்கவேண்டிய கை ஓங்கவில்லை.

அபிதா தாயை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"மாமி, றொஜர் அண்ணை அந்தச் சோதினைக்குப் படிச்ச புத்தகங்கள் இன்னும் இருக்கோ? இரசாயனப் புத்தகம்?"

அருள்நாயகி மூக்கை உறிஞ்சினாள். "அலுமாரிக்கு மேலை கிடக்குது பிள்ளை. ஒருத்தரும் காணக்கூடாது எண்டு சீலையாலை மூடி வைச்சிருக்கிறன்."

"எனக்குத் தாங்கோ. அண்ணை எழுதுறதெண்டால் அவருக்கும் வேணும், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கிறம்."

அமலினி தோள்பையைக் கொளுவிக்கொண்டாள். "நட," என்றாள் அருள்நாயகியைப் பார்த்து. "இப்பவே போய் எடுப்பம்."